இரண்டாவது வரி

நாற்சந்தியில் இருக்கும் இன்டர்நெட் சென்டர் வாசலில், பிளாஸ்டிக் ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஜெராக்ஸ் எடுக்கப் போன என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பென் டிரைவை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"வீட்டுல கரண்ட் இல்லடா. அதான்."

சென்டர்க்காரருக்கு இந்தப் பொய் தெரியாதே. "இன்னிக்கும் நர்சுங்க பேருதானேக்கா? எட்டாம் நம்பர் கம்ப்யூட்டர் காலியாகட்டும், அதுலதான் உங்க சாஃப்ட்வேர் இருக்கு," என்றார்.

இன்னிக்குமா! என் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா எம்ப்ராய்டரி மெஷின் வைத்து, ஒரு நர்சிங் கல்லூரிக்கு வெள்ளைக் கோட்டுகளில் பெயர் தைத்துக் கொடுக்கிறாள். பெயரைக் கம்ப்யூட்டரில் அமைத்து, பென் டிரைவில் ஏற்றி, மெஷினில் செருக வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில்தான் மூன்று வாரத்துக்கு முன் விண்டோஸை அடியோடு அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டேன். அவள் கேட்கவில்லை. "கொஞ்சம் ஸ்லோவா இருக்குடா" என்றுதான் சொன்னாள். விடுவேனா? வைரஸ் வராது, எவனுக்கும் அடிமையில்லை என்று வாய் கிழியப் பேசினேன். "என் சாஃப்ட்வேர் ஓடுமாடா?" என்று இரண்டு முறை கேட்டாள். "எல்லாத்துக்கும் மாத்து இருக்குக்கா" என்றேன். பார்த்துவிட்டா சொன்னேன்? பிறகு ஒருநாள் போனில் ஏதோ சொல்ல வந்தவளை, "முதல்ல நாலு நாள் உக்காந்து கத்துக்க" என்று வெட்டினேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பழகிவிட்டாள் என்று ஆபீஸில் பீற்றிக்கொண்டேன்.

அவளை அவள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கம்ப்யூட்டர் மேல் துண்டு போர்த்தியிருந்தது. பெயர் ஏறாத கோட்டுகள் அறுபது, கட்டில் முழுக்க. நாளைக் காலை கொடுக்காவிட்டால் அடுத்த வருட ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

நான் சொன்ன 'மாத்து' சாஃப்ட்வேர் அவளுடைய எழுத்துகளை வெறும் கோடுகளாகத் திறந்தது. தட்டித் தட்டிச் சரிசெய்து ஒரு பெயரைத் தைக்கவிட்டேன். மூன்றாவது எழுத்தில் நூல் சிக்கி, துணியைச் சுருட்டி இழுத்துக்கொண்டு மெஷின் நின்றது. அக்கா குட்டிக் கத்தரியால் முடிச்சை வெட்டினாள். கோட்டில் ஓட்டை விழுந்திருந்தது.

"இரு, என் லேப்டாப்புல பாக்கறேன்." பதற்றத்தில் அவள் முன்னாலேயே அதை ஆன் செய்தேன். எதில் திறக்க என்று கேட்டு, கருப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. எப்போதும் யாரும் படிப்பதற்குள் என்டரைத் தட்டிவிடுவேன். அன்று கையில் சார்ஜர் வயர்.

"ரெண்டாவது வரில விண்டோஸ்னு போட்டிருக்கே?"

"அது... ஆபீஸுக்குக்கா. சில ஃபைல் லினக்ஸ்ல சரியா வராது. வேலை கெட்டுடும்."

திட்டியிருக்கலாம். அக்கா திட்டவில்லை. ஓட்டை விழுந்த கோட்டை மடித்துக்கொண்டே, "என்னுதும் வேலைதானேடா," என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. அதைவிட, கரண்ட் இல்லை என்று எனக்காக அவள் பொய் சொன்னதுதான் தாங்கவில்லை. திரையின் அடியில் எண்கள் குறைந்துகொண்டிருந்தன. ஏழு, ஆறு. பூஜ்யம் வந்தால் தானாக முதல் வரியான லினக்ஸுக்குள் போய்விடும். எனக்குக் கை எழவில்லை.

"சாஃப்ட்வேர் இதுலயும் இருக்கு," என்று பென் டிரைவை மேசையில் வைத்தாள். ஊசித் தழும்பேறிய விரலை நீட்டி, கீழே போகும் அம்புக்குறியை ஒரே ஒருமுறை அழுத்தினாள். எண்ணிக்கை நின்றது.