சிவக்காத தோலுக்கு ஒரு பதிலி

பூவம்மாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் அரிப்பு. கொசு கடித்த அரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பாயில் புரளும்போது பாயையே அம்மியாக நினைத்துத் தேய்த்துக்கொள்ளச் சொல்லும் அரிப்பு. குழந்தையைத் தூக்கப் போனால் அதன் கால் பட்ட இடமெல்லாம் எரியும். ராயபுரம் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கின் உரக் கொட்டகையில் கிழிந்த கோணிகளைத் தைப்பது அவள் வேலை. கப்பலில் உரம் வந்த கோணிகள் அவை. உதறினால் தூள் வெள்ளையாய்ப் பறக்கும். தூள் படிந்த கை தடித்து, வெடித்து, நீர் கோத்துக்கொள்ளும். அவளுக்கு மட்டுமில்லை, வரிசையாய் உட்கார்ந்து தைக்கிற அத்தனை பெண்களுக்கும் அப்படித்தான்.

பக்கத்திலேயே அரிசிக் கொட்டகை இருந்தது. அங்கேயும் கோணிதான் தைக்கிறார்கள், ஆனால் அரிசிக் கோணி. அங்கே போய்விட்டால் கை தானாக ஆறிவிடும். போக வேண்டுமென்றால் கிடங்கு டாக்டர் வாயால் "நோய் இருக்கிறது" என்று வர வேண்டும். மூன்று தடவை போய் மூன்று தடவையும் நோயில்லை என்று அவர் சொல்லிவிட்டால், வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்று மேஸ்திரி கிருஷ்ணப்பன் அவள் கழுத்தில் தொங்கும், நம்பர் போட்ட பித்தளைப் பில்லையைக் கழற்றிக்கொள்வார். பில்லை போனால் வேலை போயிற்று.

பூவம்மா இரண்டு தடவை போய்விட்டு வந்திருந்தாள்.

டாக்டர் பெயர் தேவப்பிரியம். தங்கமான மனிதர், அதில் ஒன்றும் குறையில்லை. சீமைக்குப் போய்த் தோல் வைத்தியமே படித்துவிட்டு, சுதந்திரம் வந்த மறு வருஷம் ஊர் திரும்பியவர். வரும்போது தலையணை கனத்துக்கு ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தார். பக்கத்துக்குப் பக்கம் கையும் காலும் முதுகுமாகப் படம். எல்லாம் வெந்த இறால் நிறத்தில். நோய் வந்த இடம் மட்டும் செக்கச்செவேல் என்று இருக்கும். எந்த நோயானாலும் முதல் அடையாளம் சிவப்பு என்று அதில் அச்சடித்திருந்தது. அன்று முதல் டாக்டர் ராயபுரத்தில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அகப்படவில்லை. எதிரே உட்கார்ந்து பரபரவென்று சொறிந்துகொள்ளும் ஜனங்களைப் பார்த்துப் பார்த்து, உலகத்திலேயே ஆரோக்கியமான தோல் ராயபுரத்தார் தோல்தான் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. படித்த படிப்பு இப்படி வீணாகிறதே என்ற துக்கமும் உண்டு. அவரே பூவம்மாவைவிட ஒரு பிடி கூடுதல் கருப்பு. அந்த விஷயம் அவர் ஞாபகத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

பெண்களைத் தொட்டுப் பார்க்கக் கூச்சப்படுகிறவர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே டார்ச் அடித்துப் பார்ப்பார்.

"சிவப்பு எங்கேம்மா?" என்று முதல் தடவை கேட்டார்.

"சிவப்பா? அரிக்குதுங்கய்யா."

"அரிக்கிறது நோய் இல்லை, பழக்கம். சொறியறதை நிறுத்திப் பாரு."

இரண்டாம் தடவை போவதற்கு முன்னால், பக்கத்து வீட்டு ஜீனத் ஒரு யோசனை சொன்னாள். ஜீனத்தின் புருஷன் கமாலுதீன் கிடங்கு வாசலில் டீக்கடை வைத்திருந்தார். "அந்தாளுக்கு செவப்புதானே வோணும்? மருதாணி வெச்சி அனுப்பறேன், போ" என்று அரைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எரிச்சலில் பூவம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சும்மா அப்பிவிட்டிருந்தால்கூடக் காரியம் ஆகியிருக்கும். ஜீனத்துக்கு மருதாணி கையில் எடுத்தால் கோலம் போடாமல் இருக்க முடியாது. டாக்டர் டார்ச் அடித்தார். அவர் முகம் ஒரு நிமிஷம் பிறை கண்டது மாதிரி மலர்ந்தது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார்.

"நோய்க்கு இலை, கொடியெல்லாம் இருக்காதும்மா."

அன்று சாயங்காலம் பூவம்மா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். கமாலுதீன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னோரு தபா போனா பில்லைய புடுங்கிக்குவான் பாய். போவலன்னா கையே போயிடும். நான் இன்னா பண்றது?"

"இருமா, பேஜாராவாத. அந்த டாக்டரு தப்பா இன்னா சொன்னாரு? செவப்பு வோணும்னாரு. நம்மகிட்ட செவப்பு இல்ல. இருக்கறவன்கிட்ட வாங்கணும்."

அவர் பார்வை போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்து ஆட்டுக்கால் பாயாவை உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஹென்றிக் என்று பெயர். ஏதோ பனி நாட்டுக் கப்பலில் கித்தான் தைக்கிறவன். கப்பலின் அடியில் விசிறி உடைந்து ரிப்பேருக்கு நின்றுவிட்டதால் அவனுக்கு வேலை இல்லை. கமாலுதீன் கடைப் பாயாவைக் குடித்த நாளிலிருந்து வேறு இடமும் போவதில்லை. கடைக்காரர்கள் எல்லாரும் அவனைக் கப்பல் மாமு என்று கூப்பிட்டார்கள். வெயிலில் அவன் மூக்கு எந்நேரமும் தக்காளியாய்ச் சிவந்திருந்தது.

"இவனாண்ட கேக்கலாம்" என்றார் கமாலுதீன். "இவன் உனுக்கு பதிலி."

பதிலி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலைக்கு வர முடியாதவர்கள் தங்கை, நாத்தனார், மைத்துனன் என்று யார் கழுத்திலாவது தங்கள் பில்லையை மாட்டி அனுப்புவார்கள். மேஸ்திரி முகத்தைப் பார்க்க மாட்டார், பில்லையைத்தான் பார்ப்பார். பதிலி செய்த வேலை பில்லைக்காரர் வேலை. பதிலிக்கு வந்த கேடும் பில்லைக்காரர் கேடு. போன வருஷம் மாசானம் என்ற மூட்டைக்காரனுக்குப் பதில் அவன் மச்சான் வந்திருந்தபோது, மச்சான் காலில் இரும்பு விழுந்தது. லீவு மாசானத்துக்குத்தான் கிடைத்தது. நல்ல காலை நீட்டிக்கொண்டு மாசானம் வீட்டில் படுத்திருக்க, மச்சான் நொண்டிக்கொண்டு தன் வேலைக்குப் போய்வந்தான்.

கமாலுதீன் பாயாக் கிண்ணத்தைக் காட்டினார், கோணி ஊசியைக் காட்டினார், பூவம்மாவின் கையைக் காட்டினார். வெள்ளைக்காரன் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து குனிந்து கழுத்தை நீட்டினான். பூவம்மா பில்லையை மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் மேஸ்திரி கிருஷ்ணப்பன் ஆஜர் எடுத்துக்கொண்டு வந்தார்.

"பூவம்மா."

"கீறேன்" என்றான் வெள்ளைக்காரன். கமாலுதீன் சொல்லிக்கொடுத்திருந்தார்.

கிருஷ்ணப்பன் பில்லையைப் பார்த்தார். மேலே பார்ப்பது அவருக்கு வழக்கமில்லை, ஆனாலும் பார்த்துவிட்டார். வெள்ளைக்காரன் ஆட்சி போய்விட்டாலும், வெள்ளைக்காரனைக் கண்டால் அவர் முதுகு தானாக வளைகிற வயசு.

"சரி, பூவம்மா வந்துகீறா" என்றார். பிறகு மெதுவாக, "பாத்து உக்காருங்க தொர, தரை சொரசொரன்னு இருக்கும்" என்றார்.

கித்தான் தைத்த கை அல்லவா, கோணி அதற்கு எம்மாத்திரம். பாட்டுப் பாடிக்கொண்டு தைத்தான். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பூவம்மா மத்தியானம் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அவன் கையைத்தான் முதலில் பார்ப்பாள். ஒரு மனுஷனுக்கு நோய் வர வேண்டுமென்று காத்திருக்கிறோமே என்று அவளுக்குச் சங்கடமாகவும் இருந்தது. வாரம் திரும்புவதற்குள் வந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, கடையில் தொங்கவிட்ட கறி மாதிரி சிவப்பு.

டாக்டர் தேவப்பிரியம் டார்ச் அடிக்கக்கூட இல்லை. எழுந்து மேசையைச் சுற்றி ஓடிவந்தார். புத்தகத்தைத் திறந்து அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தார். படம் எது, கை எது என்று தெரியவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தார்.

"வந்துடுச்சு" என்றார். "கடைசியா ராயபுரத்துக்கு ஒரு நோய் வந்துடுச்சு."

வெளியே கிருஷ்ணப்பனோடு நின்ற கமாலுதீன் உள்ளே எட்டிப் பார்த்தார். "டாக்டரய்யா, அது பூவம்மாவோட நோயி. பில்லைய பாருங்க."

"அதெப்படி? வந்திருக்கிறது இவருக்கு இல்ல?"

"மேஸ்திரி, நீயே சொல்லு. மாசானம் மச்சான் காலு யாரு காலு?"

கிருஷ்ணப்பன் தலையைச் சொறிந்தார். கிடங்குச் சட்டம் அவருக்கு வேதம். "மாசானத்தோட காலுதாங்கய்யா" என்று ஒப்புக்கொண்டார்.

டாக்டர் யோசித்தார். சட்டத்தை மதிக்கிற மனிதர். "அப்போ நோய் பூவம்மாவுக்கு, சிவப்பு இவருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். "பில்லை அரிசிக் கொட்டகைக்குப் போகட்டும். மருந்து சிவப்புக்குப் போடுறேன்."

அப்படித்தான் பூவம்மா அரிசிக் கொட்டகைக்குப் போனாள். தினமும் காலையில் டாக்டர் வெள்ளைக்காரன் கைக்கு வெள்ளைக் களிம்பு தடவித் துணிக்கட்டுப் போடுவார். நோய்க்குச் சொந்தக்காரி என்ற முறையில் பூவம்மா பக்கத்தில் நின்று பார்ப்பாள். அவள் கையில் ஒரு பொட்டுக் களிம்பு விழவில்லை. கேட்டதற்கு, "நல்ல தோலில் மருந்து போடக் கூடாதும்மா" என்றார். உரத்தூள் படாததால் அரிப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது, அவ்வளவுதான். தடிப்பும் வெடிப்பும் அப்படியே இருந்தன.

வெள்ளைக்காரன் கைதான் சீக்கிரம் தேறியது. ஒரு நாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். சிவப்பு போய் வெளுத்துவிட்டிருந்தது.

"குணமாயிடுச்சு" என்றார், கொஞ்சம் துக்கத்தோடு. "நாளையிலேர்ந்து பில்லை பழைய இடத்துக்குப் போகலாம்."

பூவம்மா இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். "ஐயா, அவருக்கு போயிடுச்சி. எனுக்கு போவலியே. மறுபடி அந்தத் தூள்ல உக்காந்தா என் கை இன்னாத்துக்கு ஆவும்?"

"உன் நோய் இவர்கிட்டதானேம்மா இருந்தது? போயிடுச்சே."

வெள்ளைக்காரனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அன்று சாயங்காலம் அவன் கப்பல் கிளம்புகிறது. சொல்லிக்கொண்டு போகத்தான் வந்திருந்தான். அவன் டாக்டரைப் பார்த்தான், பூவம்மா முகத்தைப் பார்த்தான். சடக்கென்று டாக்டரின் வலது கையைப் பிடித்துத் தன் முழங்கை மடிப்பில் வைத்து அழுத்தினான். அங்கே மட்டும் தோல் இன்னும் ஆறாமல் சொரசொரவென்று இருந்தது. டாக்டர் விரல்களுக்கு அந்தச் சொரசொரப்பு பழக்கமானதுதான், இத்தனை நாள் களிம்பு தடவியவர் ஆயிற்றே. அடுத்த நிமிஷம் வெள்ளைக்காரன் அதே கையை இழுத்துப் பூவம்மாவின் முழங்கை மடிப்பில் வைத்தான்.

டாக்டர் பதறிப்போய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெண்பிள்ளை கை. விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். கப்பல்காரன் பிடி விடவில்லை. அப்படியே முகத்தைத் திருப்பிய வாக்கில் நின்றுகொண்டிருந்தவர், கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதை நிறுத்தினார். விரல்கள் மெல்ல நகர்ந்தன. அதே தடிப்பு, அதே சூடு, அதே சொரசொரப்பு, இன்னும் அதிகமாக.

"இது யார் கை?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"என்துதாங்கய்யா."

"இதே நோயாச்சே. உனக்கு ஏம்மா சிவப்பா வரலை?"

"நான் இன்னாங்கய்யா பண்றது? எனுக்கு வரசொல்லோ இப்டித்தான் வந்துச்சி."

டாக்டர் அவளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். டார்ச்சையும் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து, மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தார். தடித்த இடமெல்லாம் மற்ற இடத்தைவிடக் கருத்து, நாவல் பழத்தை நசுக்கிய மாதிரி ஊதா ஓடியிருந்தது. பிறகு தன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் தோலை வெகுநேரம் பார்த்தார், யாரோ புது ஆளைப் பார்ப்பது மாதிரி.

"நாவல் பழம்" என்றார். "நம்ம ஊர்ச் சிவப்பு நாவல் பழ நிறமா இருக்கு."

அன்றைக்கே உரக் கொட்டகைப் பெண்களை வரிசையாக நிற்கவைத்தார். முதலில் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார், பிறகு திறந்து நிறம் பார்ப்பார். தொடுகிற கூச்சம் இருந்தது, ஆனாலும் தொட்டார். மேஸ்திரிதான் டாக்டருக்குப் பார்வை போய்விட்டதோ என்று பயந்துபோனார். எல்லாருக்கும் களிம்பு கிடைத்தது. எல்லாருக்கும் அரிசிக் கொட்டகை. உரக் கோணிகளை இனிமேல் கடல் தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகுதான் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று அவரே மேலிடத்தில் சண்டை போட்டு உத்தரவு வாங்கினார். கோணி காய்கிற வரைக்கும் அந்தக் கொட்டகை பூட்டிக் கிடந்தது.

பூவம்மாவின் அரிப்பு ஒரு மாதத்தில் நின்றது. தடிப்பு அமுங்கியது, வெடிப்பு மூடிக்கொண்டது. தோல் வழவழவென்று ஆகிவிட்டது. நிறம் மட்டும் போகவில்லை. நோய் இருந்த இடமெல்லாம் மை தடவியது மாதிரி கருப்பாய் நின்றது.

டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். இப்போது அவருக்கு ரொம்ப ஜாக்கிரதை. ஒரு தடவை ஏமாந்தவர்.

"வழவழன்னுதான் இருக்கு. ஆனா நிறம் நிக்குதே. நிறம் போற வரைக்கும் நோய் போனதா நான் ஒத்துக்க மாட்டேன். அரிசிக் கொட்டகையிலேயே இரு."

"சரிங்கய்யா."

இரண்டு பொங்கல் போயிற்று. உரக் கொட்டகை மறுபடி திறந்தாகிவிட்டது. அலசிய கோணிதான் என்று சொன்னார்கள். அலசுகிறவன் எப்படி அலசுவான் என்று யாருக்குத் தெரியும்? கறை போன பெண்கள் ஒவ்வொருவராய்த் திரும்பிப் போனார்கள். பூவம்மா மட்டும் அரிசிக் கொட்டகையை விட்டு அசையவில்லை. கறை மங்குகிற மாதிரியும் இருந்தது, மங்காத மாதிரியும் இருந்தது. டாக்டருக்கு மண்டை குழம்பியது.

"உங்க வூட்டுல" என்று ஆரம்பித்தார். இத்தனை நாளில் அவருக்கும் ராயபுரத்துப் பேச்சு தொற்றிக்கொண்டிருந்தது. "உங்க வூட்டுல யாருக்காவது, இல்ல உனக்கே சின்ன வயசுல, புண்ணு ஆறின பிறகும் கறை இப்படி வருஷக்கணக்கா நின்னிருக்காம்மா? நோயே இல்லாம வெறும் கறை மட்டும்?"

பூவம்மாவுக்கு ஏழு வயசில் கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம் வந்து ஆறியது. அந்தக் கறை இன்றைக்கும் புளியங்கொட்டை அளவுக்கு அங்கேயே இருக்கிறது. அவள் அம்மாவுக்கு முதுகில் இருந்தது, புருஷன் வேம்புவுக்குத் தோளில்.

அவள் டாக்டர் முகத்தைப் பார்த்தாள். நல்ல மனிதர், இதோ கவலையாய்க் கேட்கிறார். பிறகு உரக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.

"அப்டி ஒண்ணும் இல்லீங்கய்யா" என்று சொல்லி, புடவைக் கொசுவத்தைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.