மின்மினி இருக்கும்வரை

என் நாத்தனாரைப் பின்வீட்டிலிருந்து கிளப்ப எனக்கு மூன்று மழைக்காலம் பிடித்தது. ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கமான அண்ணி என்றுதான் சொல்வார்கள்.

எங்களுடையது சின்ன விடுதி. பின்னால் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் இரண்டு அறையோடு ஒரு வீடு. புருஷனோடு ஒத்துப்போகாமல் திரும்பி வந்த நாத்தனாரை அதில்தான் மாமனார் குடிவைத்திருந்தார். உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவளும் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டாள். இருட்டியதும் விடுதியில் தங்குகிறவர்களை ஓடைக்கரைக்கு அழைத்துப்போய் மின்மினி காட்டுவாள். அதற்கென்றே வருகிறவர்களும் உண்டு.

மாமனார் போனபிறகு தாய்மாமாவை வைத்துக்கொண்டு என் கணவர் பேசி முடித்தார். "வருஷா வருஷம் மின்மினி வந்துட்டிருக்கிற வரைக்கும் பின்வீடு அவளுக்கு. அப்புறம் அவ வேற இடம் பாத்துக்கணும்." மின்மினி எங்கே போய்விடப் போகிறது என்று அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். விவரம் கெட்டவள்.

எனக்கு அந்த வீடு வேண்டும். ஓடையைப் பார்த்த அறைகள் என்றால் தங்க வருகிறவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். தவிர, சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவள் புடவை கொடியில் ஆடுகிறது. அவளைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதற்கெல்லாம் காரணம் வேண்டுமா என்ன?

ஒருநாள் நானும் அந்தக் கூட்டத்தோடு நடந்தேன். டார்ச்சின் முகத்தில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் போனாள்.

"மேல பாக்காதீங்க, கீழ ஈரப் புல்லுல பாருங்க. மழை விட்டு, காத்தில்லாம புழுக்கமா இருந்தா நிறைய வரும். நிலா ஏறிட்டா அவ்வளவா தெரியாது. செல்போனை உள்ள வெச்சிடுங்க."

கண் பழகியதும் புல் முழுக்க மினுக்கியது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

"பறக்கிறது ஆண். புல்லுல உக்காந்து பதில் மினுக்கிறது பெண். அந்தப் பதிலைப் பாத்துத்தான் அவன் இறங்கி வருவான். பக்கத்துல ஒரு விளக்கு எரிஞ்சாப் போதும், அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. சும்மா சுத்திட்டுப் போயிடுவான்."

"இப்பல்லாம் எங்கயுமே காணோமே, ஏங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"விளக்குதான் முதல் எமன். அப்புறம் கொசுவுக்கு அடிக்கிற புகை. அதுக்கும் மேல, நம்ம சுத்தம்! இதோட புழு மாசக்கணக்கா சருகுக்கு அடியில கிடந்து நத்தையத் தின்னு வளருது. சருகைப் பெருக்கித் தள்ளிட்டு, நத்தைக்கு மருந்தும் வெச்சா, அடுத்த மழைக்குப் பறக்க என்ன இருக்கும்?"

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நான் பாடம் கேட்டுக்கொண்டேன்.

வேடிக்கையைக் கேளுங்கள். உச்சுக்கொட்டிய அதே ஆட்கள்தான் காலையில் வரவேற்பறையில் வந்து நின்றார்கள். பாதை ஒரே இருட்டாம், கொசு பிடுங்குகிறதாம். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. "சொல்றாங்கல்ல, செஞ்சு குடுங்க" என்று கணவரிடம் சொன்னேன். மறுவாரம் கரையில் விளக்குக் கம்பம் நின்றது.

நாத்தனார் ஓடி வந்தாள். "அண்ணி, இந்த விளக்கு வேணாம் அண்ணி."

"உன் நல்லதுக்குத்தாம்மா. ஒண்டியா இருக்கிற பொம்பள, பாம்பு கீம்பு வந்தா என்ன பண்ணுவ?"

அவள் ஏணி வைத்து ஏறி விளக்குக்குச் சாக்கைக் கட்டினாள். நான் கம்பத்தை இன்னும் உயரமாக்கச் சொன்னேன்.

அடுத்த மழைக்காலத்தில் வாரம் தவறாமல் புகை. அதற்கடுத்த மழைக்கு முன்னால், அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, தோட்டக்காரரை விட்டுக் கரையை மழமழவென்று பெருக்கி நத்தை மருந்தும் தூவ வைத்தேன். எழுந்து வந்தவள் வெற்று மண்ணில் உட்கார்ந்து கையால் துழாவினாள். பாவமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்கள். ஆனால் வெகுநாளாக அடைத்திருந்த சாக்கடை விட்டுக்கொண்டதுபோல் இருந்தது எனக்கு.

அந்த மழையில் அவள் அழைத்துப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். குழந்தைகள் அழுதன. ஏமாற்றுக்காரி என்று ஒருத்தர் முகத்துக்கு நேராகவே சொன்னார். என் கணவர் அவளைக் கூப்பிட்டார்.

"இந்த மாசம் பாப்போம். ஒண்ணே ஒண்ணு வந்தாக்கூட நீ இரு. இல்லன்னா மூட்டையக் கட்டு."

தினமும் பொழுது சாய்ந்ததும் அவள் புல்லில் குந்திக்கொண்டிருந்தாள். என்னிடமும் வந்தாள். "இந்த ஒரு வாரம் மட்டும் விளக்கை அணைங்க அண்ணி. கால்ல வேணாலும் விழறேன். எனக்குப் போக வேற இடம் இல்ல."

"என் கையில என்னம்மா இருக்கு? உங்க அண்ணனைக் கேளு" என்றேன். அவர் அணைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மாதக் கடைசி. சாயங்காலம் மழை அடித்து ஓய்ந்தது. இருட்டுகிற நேரத்துக்குக் கரண்ட் போய்விட்டது. கம்ப விளக்கும் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கத்துகிற சத்தம். சமையலறையில் இருந்ததால் நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.

பின்வீட்டு வாசலில், சிமெண்டுப் படியில், ஒரே ஒரு புள்ளி பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"பெண் அண்ணி இது. இறக்கை கிடையாது, பறக்காது. கொஞ்சம் பாத்துக்கங்க, அண்ணனைக் கூட்டிட்டு வந்துடறேன்." சொல்லிவிட்டு ஓடினாள்.

என்னைக் காவல் வைத்துவிட்டுப் போனாள்! என்னை! அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

காலை வைத்துத் தேய்த்தேன். அணைந்துவிடும் என்று நினைத்தேன். அணையவில்லை. படியில் விரல் நீளத்துக்கு இழுபட்டு, முன்னைவிடப் பெரிதாக எரிந்தது. என் செருப்பின் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு எரிந்தது. சுற்றிலும் கும்மிருட்டு, வேறு வெளிச்சமே இல்லை.

இருவரும் வந்து நின்றார்கள். நாத்தனார் அதைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். கணவரும் பார்த்தார்.

"எங்க?" என்றார்.

"அதோ அண்ணா." அவள் படியைக் காட்டினாள். "மிதிச்சிருக்காங்க. ஆனா வந்துச்சு. இன்னும் எரியுது பாரு."

அவர் குனிந்தார். முகத்தில் பச்சை படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. காலைல வண்டி வரச் சொல்றேன், சாமானெல்லாம் எடுத்து வை."

அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் என் தோளில் கை போட்டு, "வா, வழுக்கும், பாத்து நட" என்று கூட்டிக்கொண்டு நடந்தார்.

மூன்று மழையாகக் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் தோளில் கிடந்த அந்தக் கையை நினைத்து எனக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணெதிரே எரிந்ததை, கூடப் பிறந்தவளின் முகத்துக்கு நேராக, இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு மூச்சு நேரம் போதுமாக இருந்தது. நான் அவருக்குக் கூடப் பிறந்தவள்கூட இல்லை.