பச்சையாக இல்லாத ஒரு லிட்டர்

கல்லூரியில் அவளுக்குப் பெயர் லேப்பம்மா. முதல்வர் தொடங்கித் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அப்படித்தான். பத்தொன்பது வருஷமாக வேதியியல் ஆய்வகத்தில் குழாய் கழுவுகிறாள் என்று சம்பளப் பட்டியல் சொன்னது. கழுவின குழாயில் எதை ஊற்ற வேண்டும், எத்தனையாவது சொட்டில் நிறம் மாறும், மாறாவிட்டால் எந்த மேதாவி எதைத் தப்பாகக் கலக்கினார் என்றெல்லாம் சொல்வதும் அவள்தான் என்பதைப் பட்டியல் சொல்லவில்லை. அவள் கைபட்டு மூன்று பேர் டாக்டர் பட்டம் வாங்கினார்கள். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் மூவரும் கடவுளுக்கும் மனைவிக்கும் நன்றி சொன்னார்கள். ஒருவர் தன் கணினிக்குக்கூடச் சொன்னார்.

அந்த வருஷம் ஆய்வகத் தொழில்நுட்பர் பதவி ஒன்று காலியானது. விண்ணப்பத்தின் கட்டங்கள் எல்லாம் அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தின, ஒன்பதாவதைத் தவிர. ‘பணியாளர் பிறர் உதவியின்றித் தாமே செய்த செய்முறைப் பணி ஒன்று. அதற்குக் கல்லூரி அளித்த எழுத்துச் சான்று.’

முதல்வர் அறைக்குப் போய் நின்றாள்.

“சான்றெல்லாம் சும்மா எடுத்துக் குடுக்க முடியுமாம்மா? நீங்க தனியா என்ன செஞ்சிருக்கீங்க?”

“மூணு பேரோட ஆராய்ச்சிக்கு நான்தான் சார்...”

“அது அவங்க செஞ்சது. நீங்க உதவி பண்ணீங்க. உதவிக்கு நன்றி சொல்வாங்க, சான்றா குடுப்பாங்க?”

“நன்றியும் சொல்லல சார்.”

முதல்வர் காதில் விழாத மாதிரி ஒரு கோப்பைப் புரட்டினார். அதில் அவருக்கு நீண்ட பயிற்சி. “புதுசா ஏதாவது செஞ்சு காட்டுங்க. அடுத்த மாசம் நம்ம பசுமை விழா வருது. மேடையில வெச்சா ஊரே பாக்கும். சான்று தானா வந்து விழும்.”

விடுதிச் சமையற்கட்டில் பொரித்து முடித்த எண்ணெய் டின் டின்னாக நிற்பது லேப்பம்மாவுக்குத் தெரியும். அதில் ஒரு லிட்டர் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வீட்டுப் பின்கட்டில் அந்தப் பழைய எண்ணெயிலிருந்தே டீசல் காய்ச்ச உட்கார்ந்தாள். ஆய்வகத்தில் செய்யலாமே என்றால், அதற்கு நாலு பேர் கையெழுத்து வேண்டும். நாலு பேர் கையெழுத்துப் போட்டால் அது நாலு பேர் செய்த வேலை ஆகிவிடும்.

வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறையில் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“சமையலுக்கு உப்பு மட்டும் கைக்கணக்கு. இதுக்குத் தராசா?”

“உப்பு கூடினா நீங்க மூஞ்சியச் சுளிப்பீங்க, அவ்வளவுதான். இதுல காரம் கூடினா சோப்பாயிடும். அந்த இஸ்திரிப் பெட்டியை அணைச்சுட்டீங்களா?”

“ஏன், அதுக்கும் இதுக்கும் என்ன?”

“இந்த மெத்தனால் இருக்கே, நெருப்பைத் தேடிக்கிட்டுப் போய்ப் பிடிக்கும். ஆவியை மோந்தாலே ஆபத்து. போங்க, போய்க் காஜா எடுங்க.”

போன வாரம் சோதனைக்குச் செய்து பார்த்த ஒரு கிண்ணம் சோப்பாகிவிட்டிருந்தது. எண்ணெயில் ஈரம் இருந்ததை அவசரத்தில் கவனிக்கவில்லை. ‘நல்லதாப் போச்சு, இந்த மாசம் சோப்பு வாங்க வேண்டாம்’ என்று அவர் மூன்று நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதனால் இந்தத் தடவை எண்ணெயைத் துணியில் வடிகட்டி, படபடவென்ற சத்தம் அடங்கி ஈரம் முழுக்கப் போகும்வரை காய்ச்சினாள். ஆறவிட்டாள். ஒரு மில்லி எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து, நிறங்காட்டி சேர்த்து, காரநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இளஞ்சிவப்பு வந்தது, போனது, வந்தது, நின்றது. இரண்டு மில்லி காரநீர் பிடித்தது, மில்லிக்கு ஒரு கிராம் கணக்கு. ஆக, வழக்கமான மூன்றரை கிராமுடன் இன்னும் இரண்டு, ஐந்தரை கிராம் காஸ்டிக் சோடா. கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு அதை இருநூறு மில்லி மெத்தனாலில் கரைத்து, அடுப்பை அணைத்து வெளியே கொண்டுவந்த வெதுவெதுப்பான எண்ணெயில் ஊற்றி, மூடியை இறுக்கி, கை கடுக்கக் குலுக்கினாள். எடை, நேரம், சூடு எல்லாம் நோட்டில் ஏறின.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால் பாட்டிலுக்குள் ஒரு கோடு. அடியில் கறுப்பாக, கெட்டியாகக் கிளிசரின். மேலே தெளிந்த டிகாக்ஷன் நிறத்தில் டீசல். மேலே உள்ளதைப் பிரித்து, நான்கு முறை தண்ணீரில் அலசி, தண்ணீரைப் பிரித்து, ஈரம் போக மறுபடி சூடாக்கி எடுத்தபோது, பாட்டிலுக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளைப் படிக்க முடிந்தது. வீட்டுக்காரர் நிஜமாகவே படித்துப் பார்த்தார்.

“கைக்குட்டை மடிச்ச மாதிரி சுத்தமா இருக்கேம்மா” என்றார். அவர் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

விழாவுக்குப் பொறுப்பாளர் பசுமைப் பேராசிரியர். பட்டம் அவரே வைத்துக்கொண்டது. அவர் மேசையில் ஒரு செடி உண்டு. பிளாஸ்டிக். வாரம் ஒருமுறை அதைத் துடைப்பது லேப்பம்மா.

விழா அன்று காலையில் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் வாடியது.

“என்னம்மா இது, பச்சையா இல்லையே?”

“இந்த நிறந்தான் சார் வரும்.”

“பேனர்ல பச்சைச் சொட்டு போட்டிருக்கு. அழைப்பிதழ்ல பச்சை. என் சட்டை பச்சை. எரிபொருள் மட்டும் டீ மாதிரி இருந்தா விருந்தினர் என்ன நெனைப்பாரு?”

“இஞ்சினுக்கு நிறம் தெரியாது சார். எதையாவது கலந்துடாதீங்க. தண்ணி பட்டாலே நின்னுடும்.”

“எனக்கே சொல்லித் தர்றீங்களா?” என்று சிரித்தார். பெரியவர்கள் சிறியவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மேடைக்குப் பக்கத்தில் சின்ன ஜெனரேட்டர். அதிலிருந்துதான் ஒலிபெருக்கிக்கும் மின்விசிறிக்கும் மின்சாரம் என்று ஏற்பாடு. லேப்பம்மாவுக்கு நாற்காலி போடவில்லை. தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றாள். பேராசிரியர் பாட்டிலை உயர்த்திக் காட்டினார். புல் பச்சை. குலுக்கிக் குலுக்கிக் கலங்கிப்போன, குளத்துப் பாசி மாதிரி ஒரு பச்சை. கூட்டம் கைதட்டியது. கேக்குக்குப் போடுகிற சாயப்பொடியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருக்கிறார் என்று, பதினைந்து அடி தூரத்திலிருந்தே, நிறம் பார்த்தே பழகிய அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

“சார், ஊத்தாதீங்க!” என்று கத்தினாள். “அமைதி, அமைதி” என்றார் முதல்வர்.

விருந்தினர் ஊற்றினார். குழாயில் மிச்சமிருந்த பழைய டீசலில் இஞ்சின் ஓடத் தொடங்கியது. பேராசிரியர் மைக்கைப் பிடித்தார்.

“இரண்டு வருட உழைப்பு! இந்த எரிபொருளின் ஒவ்வொரு சொட்டிலும் கலந்திருப்பது என்னுடைய...”

இஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றது. கலந்திருந்தது என்ன என்று சொல்ல ஒலிபெருக்கிக்கு உயிர் இல்லை. மின்விசிறி சுற்றுவது மெல்ல மெல்ல ஓய்வதை விருந்தினர் அண்ணாந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு பேராசிரியருக்கு ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை. கடைசி வரிசை வரை கேட்டது. “லேப்பம்மா! என்னம்மா செஞ்சு வெச்சிருக்கீங்க?”

ஜெனரேட்டர் மெக்கானிக் குந்தி உட்கார்ந்து, வடிகட்டியின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். பச்சைத் தண்ணீர் கொட்டியது. அதன்மேல் டீ நிற டீசல் தனியாக, ஒட்டு உறவு வேண்டாம் என்பதுபோல மிதந்தது.

“யாரு அக்கா இதுல தண்ணி ஊத்துனது? எண்ணெய் நல்லாத்தான் இருக்கு.”

“அதை அப்படியே உங்க ரிப்பேர் சீட்டுல எழுதிக் குடுங்க தம்பி” என்றாள். அவர் எழுதிக் கிழித்துக் கொடுத்த சீட்டை மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மெமோ வந்தது. எழுதியவர் பேராசிரியர், கையெழுத்து முதல்வர். சாயங்காலம் அதை வீட்டுக்காரர் மடியில் விட்டெறிந்தாள்.

“ஜெயிச்சா அவர் உழைப்பாம். நின்னா என் உழைப்பாம்! இன்னும் ரெண்டு நாள்ல விண்ணப்பம் முடியுது. சான்று கேட்டுப் போனவளுக்குத் திட்டுக் கடுதாசி! நாளைக்கு நேரா போய் அந்த பிளாஸ்டிக் செடியைத் தூக்கி அவர் தலையில கவுக்குறேன் பாருங்க.”

“தலை பெருசு, தொட்டி சின்னது, நிக்காது” என்று சொல்லிக்கொண்டே அவர் கண்ணாடியை மாட்டினார். படித்தார். “‘தாங்கள், எந்தப் பேராசிரியரின் வழிகாட்டுதலும் மேற்பார்வையும் உதவியும் இன்றி, தங்கள் இல்லத்தில், தாங்களே தன்னந்தனியாகத் தயாரித்த எரிபொருள், விழா மேடையில்...’ அடேயப்பா. ஒதுங்கிக்கிறதுக்கு எவ்வளவு துணி வெட்டியிருக்கார் பாரு.”

அவள் நடந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

“அந்த வரியை இன்னொரு தடவை படிங்க.”

படித்தார். விண்ணப்பத்தை எடுத்து ஒன்பதாவது கட்டத்துக்குப் பக்கத்தில் மெமோவை வைத்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். கல்லூரித் தலைப்பு, கையெழுத்து, வட்ட முத்திரை எல்லாம் இருந்தன.

காலையில் முதல்வர் மேசையில் இரண்டு தாள்களை வைத்தாள். ஒன்று மெமோவுக்கு விளக்கம், மெக்கானிக் சீட்டோடு. மற்றது விண்ணப்பம், மெமோவோடு. பேராசிரியரும் அங்கேதான் இருந்தார். விண்ணப்பத்தைப் பார்த்ததும் எகிறினார்.

“இது கண்டனம்மா! சான்றா இது?”

“பாராட்டா இருக்கணும்னு கட்டத்துல போடல சார். நானே செஞ்சதுன்னு கல்லூரி எழுத்துல இருக்கணும், அவ்வளவுதான்.”

முதல்வர் தொண்டையைச் செருமினார். “மெமோவையே வாபஸ் வாங்கிட்டா பிரச்சனை முடிஞ்சுதேம்மா?”

“தாராளமா வாங்குங்க சார். அப்ப இது பேராசிரியர் சார் வழிகாட்டி, அவர் மேற்பார்வையில நடந்ததுன்னு ஆகும். பச்சைத் தண்ணி எப்படி வந்துச்சுன்னு சாரைத்தான் கேக்கணும்.”

பேராசிரியர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் மெக்கானிக் சீட்டைப் பார்த்தார்.

“இல்ல சார்” என்றார் பேராசிரியர், திடீரென்று நேர்மை பொங்க. “உண்மை உண்மைதான். அதுல எனக்கு எந்தப் பங்கும் இல்ல. முழுக்க லேப்பம்மாவே செஞ்சது.”

“அதைச் சேத்து எழுதிடுங்க சார்” என்றாள்.

முதல்வர் அதை விண்ணப்பத்திலேயே எழுதினார். மேலிடத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது என்று கீழே கையெழுத்திட்டார். தேதி போட மறந்தார். அவள் விரலை அந்த இடத்தில் வைத்துக் காட்டிப் போடவைத்தாள்.

“கோபம் வேண்டாம்மா” என்றார் பேராசிரியர், வாசல் வரை வந்து. “அடுத்த தடவை நிறத்துக்கு வேற வழி பாக்கலாம். நான் வழிகாட்டறேன்.”

அவள் நிற்காமல் வெளியேறினாள். நின்று பதில் சொல்லியிருந்தால் இன்னொரு மெமோ வந்திருக்கும். வராந்தாவில் நடந்துகொண்டே மெமோவை மறுபடி படித்தாள். படிக்கப் படிக்கக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் தன்னைப் பற்றி இந்தக் கல்லூரி எழுதிய முதல் உண்மை இது. அதையும் திட்டுவதற்காகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அலுவலக ஜன்னலில் எழுத்தர், “வெச்சுட்டுப் போங்கம்மா, அப்புறம் அனுப்பிடறேன்” என்றார்.

“இப்பவே பதிவு பண்ணுங்க” என்றாள். உறையில் முத்திரை விழுந்து, பதிவெண் எழுதின ரசீது கைக்கு வரும்வரை அவள் அந்த ஜன்னலைவிட்டு நகரவில்லை.