அதே சபையிலிருந்து அதே சபைக்கு

மூன்றாவது ஞாயிறாகச் சபை எழுத்தர் ஒடெஸா பிக்கெட்டின் மேசை முன் நின்றான் டெவோன். டெட்ராய்ட்டின் கிழக்குப் பகுதியில், கறுப்பின மக்களின் அந்தப் பாப்டிஸ்ட் சபையில்தான் ஒன்பது வயதில் ஞானஸ்நானம் பெற்றான். அன்று அவனை எல்லோரும் பெண் பிள்ளை என்றே அறிந்திருந்தனர். பதிவேட்டில் ஏறியதும் அந்தப் பெண் பெயரே. இப்போது முப்பத்தொரு வயது ஆண். டெவோன் என்ற பெயர் பதிவேட்டில் ஏறாதவரை பாடகர் குழுவில் அவனுக்கு இடமில்லை.

"கோர்ட்டே என் பேர மாத்திடுச்சு, சகோதரி. இந்த நோட்டுல ஒரு கோடு அடிக்க உங்களுக்கு என்ன வலிக்குது?"

"கல்யாணம் ஆனாத்தான் பேர் மாத்துவோம். புதுசா சேரணும்னா ஞானஸ்நானம் எடுக்கணும், இல்ல வேற சபையிலேர்ந்து மாற்றல் கடிதம் வேணும்."

"சரி, இன்னொரு தரம் முக்குங்க."

"முங்கினவங்க மறுபடி முங்கக் கூடாது. அன்னிக்குத் துண்டு வச்சுக்கிட்டு நின்னவளே நான்தான்!"

"அப்ப முங்கினது நான்தான்னு ஒத்துக்கிறீங்கல்ல?"

ஒடெஸா நாற்காலியைத் தட்டச்சுப் பொறிப் பக்கம் திருப்பினாள். எரிச்சலோடு சபை முத்திரை பதித்த தாளை இழுத்து ஒரு மாற்றல் கடிதம் தட்டச்சு செய்தாள்: ஒரு சகோதரி நற்சாட்சியோடு இச்சபையை விட்டுச் செல்கிறார். சகோதரர் டெவோனாக இச்சபையே அவரை ஏற்றுக்கொள்ளட்டும். அனுப்புநரும் பெறுநரும் ஒரே சபை.

ஆராதனை முடிந்ததும், கீழ்த்தள உணவுக்கூடத்தில் உறுப்பினர் கூட்டம் நடந்தது. போதகர் கடிதத்தை வாசித்தார்.

"போகும்போதே வந்துட்டானாக்கும்!" என்றார் ஒரு மூப்பர். கூடம் சிரித்தது.

அவனை உறுப்பினராக ஏற்க ஒடெஸா முன்மொழிந்தாள். வழிமொழிய ஒருவரும் எழவில்லை. வறுத்த கோழி ஆறிக்கொண்டிருந்தது. ஆறு ஆண்டுகளாக மகனை எந்தப் பெயராலும் அழைக்காமல், "ஏய்" என்றே காலம் தள்ளிய அவன் தாய் வெர்னீஸ், கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"நான் வழிமொழியறேன். எல்லாரும் என்ன வேடிக்கை பாக்குறீங்க?"

"யாரை ஏத்துக்கிறோம்னு பேரைச் சொல்லணும், சகோதரி. அதுதான் விதி" என்றார் போதகர்.

"வாசிச்சீங்கல்ல?"

"நீங்க சொல்லணும்."

வெர்னீஸ் கூரையைப் பார்த்துப் பெருமூச்செறிந்தாள்.

"டெவோன். போதுமா? டெவோன்! நாளெல்லாம் இதையே கத்திக்கிட்டு நிக்கவா?"

கைகள் உயர்ந்தன, எல்லாம் அல்ல, போதுமான அளவுக்கு. வழக்கப்படி, புதிய உறுப்பினருக்குக் கைகொடுத்து வரவேற்க வரிசை உருவாயிற்று. வெர்னீஸ் வரிசையை மதிக்கவில்லை. முன்னே புகுந்து அவன் கையைப் பற்றினாள்.

"வேற பேரே கெடைக்கலயா உனக்கு?"

"ஏம்மா, பிடிக்கலயா?"

"பிடிக்கலடா, டெவோன்" என்றாள் அவள், கையை விடாமல்.