கடல் சப்பென்று போன வருடம்

துறைமுகத்துக் கடலிலிருந்து உப்பு போய்விட்டது என்பது அங்கே வேலை செய்தவர்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தெரியாமல் போனதற்குக் காரணம் அவர்களுடைய மரியாதை.

துறைமுக உணவகத்தில் உப்பு ஜாடி என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. மூன்று வாளி குழாய்த் தண்ணீருக்கு ஒரு வாளி கடல் தண்ணீர். மீனும் உருளைக்கிழங்கும் அதில்தான் வெந்தன. பின்படிக்கட்டில் இறங்கி அந்த ஒரு வாளியை மொண்டு வருவது சமையல்காரி. அவள் கணவர் முக்குளிப்பவர். கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுகிற வேலை. ஒரு காலை இறங்கியவர் மேலே வரவில்லை. தேடியவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு, உப்புத் தண்ணீர் யாரையும் அடியில் வைத்துக்கொள்ளாது, தானாகவே தூக்கிக் கொடுத்துவிடும், பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் பொறுத்திருந்தாள். அந்த வாரமே வேலைக்கும் வந்துவிட்டாள். அழவில்லை. நாக்கு மட்டும் செத்துப்போயிருந்தது. எதைத் தின்றாலும் ஈரக் காகிதம்.

அவள் திரும்பி வந்த நாளில் சாப்பாட்டில் உப்பு இல்லை. மறுநாளும் இல்லை. பாவம், மனசு சரியில்லை, கடல் வாளியை மறந்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சுமைக்காரர்கள் மூச்சு விடாமல் சாப்பிட்டார்கள். பிறகு ஆளுக்கொரு உப்புப் பொட்டலம் சட்டைப்பையில் வந்தது. அவள் அடுப்புப் பக்கம் திரும்பினால் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் தட்டின் மேல் போய் வந்தன. ஒட்டகச்சிவிங்கி என்று பெயரெடுத்த கிரேன்காரர் உப்பைத் தொப்பிக்குள் வைத்திருந்தார். அவர் தலையைக் குனிந்தாலே போதுமாக இருந்தது.

மற்ற அறிகுறிகளையும் ஆளாளுக்குத் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டார்கள். படகுகள் தண்ணீரில் கூடுதலாக அமிழ்ந்தபோது, பாரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். உப்பளத்துப் பாத்திகளில் வெறும் சேறு மட்டும் காய்ந்து மிஞ்சியபோது, உணவகத்துக்குச் சாப்பிட வருகிற உப்பள மேஸ்திரி தனக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்தார், மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு மாலை நண்டுகள் வரிசையாகச் சாலையைக் கடந்து தெற்கே போயின. பின்படிக்கட்டில் தவளைகள் குடிவந்தன.

போட்டு உடைத்தது சமையல்காரியின் நாத்தனார். தட்டு கழுவுகிறவள், வாய்த்துடுக்கு. அன்று அவளுடைய பொட்டலம் நனைந்துவிட்டது, பசி வேறு.

"அண்ணி, சாப்பாட்டுல உப்பே இல்ல. ஒரு வருஷமா இல்ல. எங்க அண்ணன் போனதுக்கு ஊரே பத்தியம் இருக்கணுமா?"

ஏன் யாருமே சொல்லவில்லை என்று சமையல்காரி கேட்டாள். கிரேன்காரர் தொப்பியைக் கழற்ற, உப்பு மேசையில் கொட்டியது. "நீங்க இருக்கிற நிலைமையில, உப்பு இல்லன்னு எப்படிம்மா வந்து சொல்றது?"

"நான் தினமும் கடல் தண்ணி ஊத்துறேனே" என்றாள்.

எல்லோரும் பின்படிக்கட்டுக்குப் போனார்கள். மேஸ்திரி ஒரு கை அள்ளிக் குடித்தார். கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. பிழை தன்னுடையதல்ல என்று தெரிந்து, சற்றுத் தள்ளிப்போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சமையல்காரியும் குடித்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை; மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"இந்தத் தண்ணியில அவர் எப்படி மேல வருவாரு?"

கிரேன்காரர் தொப்பியில் ஒட்டியிருந்த உப்பைத் தண்ணீரில் உதறினார். மற்றவர்கள் பொட்டலங்களைப் பிரித்தார்கள். மறுநாள் மேஸ்திரி உப்புக் கிடங்கைத் திறந்துவிட்டார். விற்காமல் கிடந்த பழைய குவியல்கள் கூடை கூடையாகப் படியிறங்கின. முதலாளி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றார்கள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன் என்று சொல்வதாகச் சொன்னார்.

கடல் மாறவில்லை. படிக்கட்டுக்குக் கீழே, ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் தண்ணீர் கனத்து வெளுத்தது. சில நாள் கழித்து ஒரு முற்பகலில், அந்த இடத்தில் அவர் மேலே வந்தார். மல்லாந்து, சிப்பி சுரண்டும் தகடு கையிலிருக்க, உடல் கெடாமல். அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள்.

"தாடி வளந்திருக்கு" என்றாள்.

அவளே சவரம் செய்துவிட்டாள். மாலையில் அடக்கம் செய்தார்கள்.

கடல் அங்கே இப்போதும் நன்னீர்தான். மேஸ்திரி பாத்திகளில் கீரை போடுகிறார், நன்றாக வருகிறது. அந்தக் கட்டில் அகலம் மட்டும் கரிக்கிறது, எவ்வளவு மொண்டாலும் குறைவதில்லை. அடக்கத்துக்கு மறுநாள் அவள் வாளியை அங்கே இறக்கி, பழைய அளவிலேயே ஊற்றினாள். மீன் வாயில் வைக்க முடியாத கரிப்பு. சுமைக்காரர்கள் கண்ணில் நீர் வர, மூச்சு விடாமல் சாப்பிட்டார்கள். எல்லோருக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் தன் தட்டோடு உட்கார்ந்தவள் ஒரு வாய் வைத்தாள். மெல்லாமல் நாக்கிலேயே வைத்திருந்தாள்.

"கரிக்குது" என்றாள்.

கிரேன்காரர் இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லித் தட்டை நீட்டினார்.

மறுநாளிலிருந்து அங்கே மூன்று வாளிக்கு அரை வாளிதான்.