தீயின் நடுப்புள்ளி

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு விமானத்திலிருந்து எடுத்த புதுத் தீப்படம் வந்தது. அதை வரைபடத்தில் ஏற்றினேன். மீதியை என் நிரல் பார்த்துக்கொண்டது. காட்டுத்தீ ஒரு வடிவம், தல்காரா ஊர் ஒரு வடிவம். இரண்டுக்கும் நடுப்புள்ளி கண்டுபிடித்து, ஊரின் புள்ளியிலிருந்து தீயின் புள்ளிக்குக் கோடு போட்டு, அது எந்தத் திசை என்று பார்த்து எச்சரிக்கையையும் தானே எழுதிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

‘தீ தல்காராவுக்கு வடமேற்கில் உள்ளது. தெற்குச் சாலை வழியாக உடனே வெளியேறுங்கள்.’

கட்டுப்பாட்டு அறைத் தலைவி க்ளெனிஸ் வாசித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். ஊரிலிருந்த எல்லாக் கைபேசிகளுக்கும் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் நான் படத்தைப் பார்த்தேன். தீயின் பெரிய வயிறு வடமேற்கில்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்து ஒல்லியாக ஒரு வால் பள்ளத்தாக்கில் இறங்கி, ஊரை வளைத்துக்கொண்டு, தெற்குச் சாலையின் குறுக்கே படுத்திருந்தது. வயிறு பெரிது, வால் சிறிது. நடுப்புள்ளி வயிற்றிலேயே விழுந்துவிட்டது.

போன வருடத்து நாற்பது தீயை வைத்துத்தான் நிரலைச் சோதித்தேன். எல்லாம் உருண்டைத் தீ. ஊரைச் சுற்றி எட்டுத் திசைக்கும் கட்டம் போட்டு, தீ எந்தெந்தக் கட்டத்தைத் தொடுகிறது என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. நேரம் பிடிக்கும் என்று அதை ஒதுக்கியவளும் நான்தான்.

“க்ளெனிஸ், தப்பு! தெற்கு ரோட்டு மேலயே தீ!”

அவர் என் திரையை எட்டிப் பார்த்தார். “கையால எழுது. மைதானத்துக்குப் போகச் சொல்லு, அங்க எரியறதுக்கு ஒண்ணுமில்ல. சீக்கிரம்!”

‘தெற்குச் சாலையில் போகாதீர்கள். கிரிக்கெட் மைதானத்துக்குத் திரும்புங்கள்.’ அவசரத்தில் ஆறு வார்த்தையை மூன்று முறை அடித்தேன். அனுப்பியும் ஆயிற்று. ஆனால் உயிருக்குப் பயந்து வண்டி ஓட்டுகிறவன் செய்தி பார்ப்பானா? தல்காராவில் இருக்கும் என் தம்பி ஹேமிஷைக் கூப்பிட்டேன்.

“சொல்லு மெரில். உன் கம்ப்யூட்டர் சொன்னபடிதான் போறேன், திட்டாதே.”

“எங்கடா இருக்கே?”

“தெற்கு ரோட்டுல. பாலம் தாண்டியாச்சு.”

“திரும்பு. முன்னால தீ.”

“விளையாடாதே. வடமேற்குன்னு நீதானே...”

“திரும்புடா!”

“எனக்கு முன்னாடி ஏழு வண்டி போகுது மெரில். பப் வாசல்ல நின்னு யோசிச்சவங்களை நான்தான் கிளப்பிவிட்டேன். எங்க அக்கா போட்ட கணக்கு, தப்பாதுன்னேன்.”

“நீ திரும்பு!” என்று கத்தினேன். அந்த ஏழு வண்டிகளை அந்த நொடி நான் நினைக்கவே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஹாரன் விடாமல் அலறியது. இன்ஜின் உறுமியது. அவன் திரும்பவில்லை, அந்த ஏழு வண்டிகளைத் தடுக்க முன்னால்தான் போகிறான் என்று புரிந்தது. தொடர்பு அறுந்தது.

ஐம்பது நிமிடம். மறுபடி மறுபடி கூப்பிட்டேன், மணி அடிக்கவே இல்லை. அடுத்த படம் வந்தபோது வால் தடித்திருந்தது. பாலத்துக்கு அப்பால் சாலையே தெரியவில்லை.

நான்கு மணிக்குக் கைபேசி அடித்தது.

“எட்டு வண்டியும் வந்தாச்சு,” என்றான் ஹேமிஷ். இருமினான். “மைதானத்துல இருக்கோம். பெயின்ட்தான் கொப்புளிச்சுப் போச்சு.”

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன்.

“முதல் வண்டியில போனவங்க உன்கிட்ட பேசணுமாம்,” என்று யாரிடமோ கொடுத்தான்.

“நான் ஊனா.” வயதான குரல், நடுங்கியது. “இங்க எட்டுப் பக்கமும் கறுப்புப் புகையா இருக்கும்மா. தீ எந்தப் பக்கம்னே தெரியல. அடுத்த மெசேஜ் வந்தா நம்பலாமா?”

“நம்பலாங்க. இனிமே படத்தை என் கண்ணால பார்த்துட்டுத்தான் அனுப்புவேன்.”

ஊனா மெதுவாகக் கேட்டார்:

“அப்போ, எங்களைக் கிளம்பச் சொன்னப்போ பாக்கலையா?”