சனியும் பக்கத்து வீட்டுச் சுவரும்

மூட்டை தூக்கிக் காய்த்துப்போன தோளில் தொலைநோக்கியை மாடிக்குச் சுமந்தவர் அவர். எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் சனி மறைவதற்குள் மனைவிக்கு அதன் வளையத்தைக் காட்டிவிட வேண்டும். தொலைநோக்கிக்குத் திசை பழக்க முதலில் ஒரு நட்சத்திரத்தைக் காட்ட வேண்டும். மச்சினன் காட்டியதோ செல்போன் கோபுரத்துச் சிவப்பு விளக்கை. பிறகு கேபிளை மாடி அறைக் கணினியில் செருகித் திரையில் சனியை அழுத்தினான். தொலைநோக்கி உறுமிக்கொண்டே திரும்பிப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றது.

“கம்ப்யூட்டர்ல சரியாத்தான் காட்டுது மாமா.”

“அப்ப சுவர்தான் இடம் மாறி நிக்குதா?”

மச்சினன் மறுபடி மறுபடி அழுத்தினான். அதற்குள் சனி மறைந்தே போனது. அவன் திரையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி, “இந்தாக்கா, வளையம்” என்றான்.

“அழகா இருக்குடா” என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கிப் போனாள்.

அவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சுவரையே முறைத்துக்கொண்டிருந்த தொலைநோக்கியின் தலையில் சாக்கைப் போட்டு மூடினார்.